ஆறு வயது வரை காத்திருக்கலாமா?

ஆண்டுதோறும் மார்ச் மாதம் 3ஆம் தேதி உலகச் செவித்திறன் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 2021ஆம் ஆண்டு இந்த நாளையொட்டி, உலக நலவாழ்வு நிறுவனம், செவித்திறன் குறித்த தனது முதல் உலக அறிக்கையை வெளியிட்டது. உலகில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் இழப்புக்காகச் சிகிச்சையோ, கருவியோ, பயிற்சியோ தேவைப்படுகிறது, அவர்களுள் 3 கோடியே 40 இலட்சம் பேர் குழந்தைகள் என்று அந்த அறிக்கை கூறியது. குழந்தைப் பருவத்தில் ஏற்படும் செவித்திறன் இழப்பில் ஏறக்குறைய 60 விழுக்காடு, தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் வருவது என்பதையும் அது சுட்டிக்காட்டியது.

கோடிக் கணக்கில் சொல்லப்படும்போது எந்தப் பிரச்சனையும் நம் தெருவைத் தாண்டிப் போய்விடுகிறது. எனவே, காஞ்சிபுரத்தின் நெசவாளர் தெருக்களில் நின்று இதைச் சிந்தித்துப் பார்ப்போம். பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் ஐந்து குழந்தைகள் வரை, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ கடுமையான செவித்திறன் குறையைப் பெறுகின்றன. பிள்ளையார்பாளையமும் அய்யம்பேட்டையும் முத்தியால்பேட்டையும் இதற்கு விதிவிலக்கு அல்ல. இந்தக் குழந்தைகளுக்கு இன்று நம் மாநிலத்தில் உதவி கிடைக்காமல் இல்லை. ஆனால், கிடைக்கும் உதவி உரிய நேரத்தில் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

அரசு தந்த வாய்ப்பு

தமிழகத்தில் 2009ஆம் ஆண்டு கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012ஆம் ஆண்டு முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெற்று வருகிறது. பிறவியிலேயே காது கேளாத, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் பொருத்தப்படும் காக்ளியர் கருவிக்கான அறுவை சிகிச்சை இத்திட்டத்தின் வழியாகக் கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. வெளியில் செய்துகொண்டால் பல இலட்சம் ரூபாய் செலவாகும் சிகிச்சை இது. 2021ஆம் ஆண்டு இறுதியில் இத்திட்டத்திற்கான குடும்ப ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. கூலிக்கு நெய்யும் குடும்பங்கள் பலவும் இந்த வரம்புக்குள் வந்துவிடும்.

இது பெரிய நன்மை. தமிழகத்தின் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதனால் கேட்கவும் பேசவும் கற்றிருக்கின்றனர். ஆனால், இந்த நன்மைக்குள் ஓர் ஆபத்தும் மறைந்திருக்கிறது. 'ஆறு வயதுக்கு உட்பட்ட' என்ற சொற்களை நம் மக்கள், 'ஆறு வயது வரை பொறுத்திருக்கலாம்' என்று புரிந்துகொள்கின்றனர். ஆறு வயது என்பது அரசு ஆணையில் உள்ள எல்லை. குழந்தையின் மூளை வைத்திருக்கும் எல்லை வேறு.

மூளை காத்திருப்பதில்லை

குழந்தை கேட்கத் தொடங்குவது பிறந்த பிறகு அல்ல. தாயின் வயிற்றில் ஆறாவது மாதத்தை ஒட்டியே அது ஒலிகளுக்கு அசையத் தொடங்குகிறது. பிறந்த நாள் முதல், வீட்டார் பேசும் ஒவ்வொரு சொல்லும் அதன் மூளையில் ஒலிக்கான பகுதியை வளர்க்கிறது. ஒலியே வராவிட்டால், அந்தப் பகுதி சும்மா கிடப்பதில்லை. பார்வைக்கும் தொடு உணர்வுக்கும் அது மெல்ல மெல்லப் பயன்படத் தொடங்கிவிடுகிறது. பின்னர் எவ்வளவு விலையுயர்ந்த கருவியைப் பொருத்தினாலும், வரும் ஒலியைப் பேச்சாகப் புரிந்துகொள்ள மூளை மிகவும் தடுமாறுகிறது.

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துவரும் அனு சர்மா அவர்கள், காக்ளியர் கருவி பொருத்தப்பட்ட குழந்தைகளின் மூளை, ஒலிக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தார். ஏறக்குறைய மூன்றரை வயதுக்குள் கருவி பெற்ற குழந்தைகளின் மூளை, மற்றக் குழந்தைகளின் மூளையைப் போலவே முதிர்ந்தது. ஏழு வயதுக்குப் பிறகு பெற்றவர்களிடம் அந்த முதிர்ச்சி பெரும்பாலும் காணப்படவில்லை. இதே மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ அவர்களும், அவரது குழுவினரும் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வும் நன்கு அறியப்பட்டது. ஆறு மாதத்திற்குள் குறை கண்டறியப்பட்டு, உதவி தொடங்கப்பட்ட குழந்தைகள், பின்னர் கண்டறியப்பட்டவர்களைவிட மொழியில் வெகுவாக முன்னேறியிருந்தனர் என்று அது காட்டியது. 2020ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் ஒன்பது மாதக் குழந்தைக்கும் காக்ளியர் கருவி பொருத்த அனுமதி தரப்பட்டுள்ளது.

இந்த அறிவிலிருந்து பிறந்ததுதான், உலகெங்கும் மருத்துவர்கள் பின்பற்றும் 1-3-6 என்ற எளிய கணக்கு. ஒரு மாதத்திற்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்திற்குள் குறை உண்டா இல்லையா என்ற உறுதி, ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும். இங்கே எண்ணப்படுவது ஆண்டுகள் அல்ல, மாதங்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஏன் தாமதமாகிறது?

காய்ச்சல் வந்தால் உடல் சுடுகிறது. கால் முறிந்தால் குழந்தை அழுகிறது. காது கேளாமை வலிப்பதில்லை, வெளியே தெரிவதும் இல்லை. காது கேளாத குழந்தையும் சிரிக்கிறது, முகம் பார்க்கிறது, முதல் சில மாதங்களில் மழலை ஒலிகளையும் எழுப்புகிறது. தன் குரலைத் தானே கேட்க முடியாததால் அந்த மழலை வளராமல் போவது பின்னால்தான் தெரிகிறது.

சந்தேகம் வந்தால் நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? கையைத் தட்டிப் பார்க்கிறோம், தட்டைக் கீழே போட்டுப் பார்க்கிறோம். குழந்தை திரும்பினால் நிம்மதி அடைகிறோம். ஆனால், கை தட்டும்போது காற்று அசைகிறது, நிழல் அசைகிறது, தட்டு விழும்போது தரை அதிர்கிறது. நெசவாளர் வீட்டில் இது இன்னும் கூடுதல். குழித்தறியின் பலகை அடிக்கும்போதெல்லாம் அதே தரையில் பாயில் கிடக்கும் குழந்தை, உடம்பால் அந்த அதிர்வை உணர்கிறது. தறிச் சத்தத்துக்கு விழிக்கிறான், அவனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது என்று பெற்றோர் நம்பிவிட இடம் உண்டு. மேலும், ஓரளவு மட்டும் குறை உள்ள குழந்தைக்குத் தறிச் சத்தம் கேட்கும், ஆனால் 'ச', 'த', 'ப' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காது. சத்தம் கேட்பது வேறு, பேச்சு கேட்பது வேறு.

இதற்கு மேல், நம் ஆறுதல் மொழிகள் வருகின்றன. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்", "ஆம்பளப் பிள்ளைக்கு நாக்கு மெதுவாத்தான் திரும்பும்", "மொட்டை போட்டா சரியாகிவிடும்". அன்போடு சொல்லப்படும் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஆறு மாதத்தை, ஓர் ஆண்டைத் தின்றுவிடுகின்றன. சொல்பவர்கள் பெரியவர்கள் என்பதால், இளம் தாய் எதிர்த்துப் பேச முடிவதில்லை.

காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில், தனித்தனி நாடாக்களால் நெய்யப்பட்டுக் கோக்கப்படுகின்றன. அதற்கு நெசவாளர் அருகில் ஓர் உதவியாள் தேவை. முன்பு பல வீடுகளில் பிள்ளைகளே அந்த இடத்தில் அமர்ந்தனர். தறியில் அமர்ந்து நாடா தள்ளும் பிள்ளைக்குப் பேச்சு தேவையில்லை, கையும் கண்ணும் போதும். பேசாத பிள்ளை, 'வேலையில் கெட்டிக்காரன்' என்ற பெயரோடு தறியிலேயே தங்கிவிடுவது எவ்வளவு எளிது! கைத்தொழில் இழிவானதல்ல. ஆனால், வேறு வழியே திறக்கப்படாமல் ஒரு பிள்ளையை அதில் அமர்த்துவது நீதியும் அல்ல.

ஐந்து நிமிடப் பரிசோதனை

பிறந்த குழந்தைக்குச் செய்யும் முதல் காது பரிசோதனையை மருத்துவர்கள் 'ஓஏஇ' என்று அழைக்கின்றனர். தூங்கும் குழந்தையின் காதில் சிறிய மென்மையான குமிழ் ஒன்றை வைத்து மெல்லிய ஒலியை அனுப்புகிறார்கள். நலமான உள்காது அதற்கு எதிரொலி போன்ற ஓர் ஒலியைத் திருப்பி அனுப்பும். அதைக் கருவி பதிவு செய்யும். வலி இல்லை, ஊசி இல்லை, சில நிமிடங்களே ஆகும். இதில் தேறாத குழந்தைக்கு மீண்டும் ஒருமுறை பரிசோதனை, அதன்பின் செவி நரம்பின் வழியே ஒலி மூளைக்குச் செல்கிறதா என்று பார்க்கும் 'பெரா' பரிசோதனை. முதல் முறை தேறாவிட்டால் குழந்தை செவிடு என்று பொருளல்ல. காதில் இருக்கும் ஈரமோ அழுக்கோ கூடக் காரணமாக இருக்கலாம். ஆனால், இரண்டாம் முறைக்கு வராமல் இருப்பதுதான் தவறு.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைகள், பிறந்தவுடன் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்கப்பட்டவர்கள், கடுமையான மஞ்சள் காமாலையோ மூளைக் காய்ச்சலோ கண்டவர்கள், கருவுற்றிருந்தபோது தாய்க்கு ருபெல்லா நோய் வந்தவர்கள் ஆகியோருக்கு 'பெரா' பரிசோதனை கட்டாயம் தேவை. ருபெல்லாவைத் தடுக்கும் தடுப்பூசி 2017ஆம் ஆண்டு பிப்ரவரியில் தமிழகத்தில் பெரும் இயக்கமாகப் போடப்பட்டதும், அப்போது பரவிய வதந்திகளால் சில பெற்றோர் தயங்கியதும் நினைவிருக்கலாம். அந்த ஊசி, இன்னும் பிறக்காத குழந்தைகளின் காதுகளையும் காக்கும் ஊசி.

தமிழகத்தில் 100 பேறுகாலங்களில் 99க்கும் மேல் மருத்துவமனையில் நடக்கின்றன. அதாவது, ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையும் பிறந்தவுடன் ஒரு மருத்துவமனையின் கூரையின் கீழ்தான் இருக்கிறது. இதைவிட நல்ல வாய்ப்பு வேறு எப்போது? மத்திய அரசு 2007ஆம் ஆண்டு காது கேளாமைத் தடுப்புத் திட்டத்தையும், 2013ஆம் ஆண்டு குழந்தைகளின் பிறவிக் குறைகளைக் கண்டறியும் திட்டத்தையும் தொடங்கியது. பிறவிச் செவித்திறன் குறையும் இந்த இரண்டாவது திட்டத்தின் பட்டியலில் இருக்கிறது. ஆனால், சிறிய மருத்துவமனைகள் ஒவ்வொன்றிலும் கருவி வாங்கி வைப்பது எளிதல்ல.

இதற்குக் கேரளம் ஒரு வழி காட்டியது. 2003ஆம் ஆண்டு, இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் கொச்சிக் கிளையினர், மருத்துவர் ஆபிரகாம் பால் அவர்களின் முயற்சியில், எர்ணாகுளத்தில் புதிய முறை ஒன்றைத் தொடங்கினர். கையில் எடுத்துச் செல்லும் கருவியோடு பயிற்சி பெற்ற ஒருவர், குறிப்பிட்ட நாள்களில் மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, அங்குப் பிறந்த குழந்தைகளைப் பரிசோதித்தார். ஒரே கருவி பல மருத்துவமனைகளுக்குப் பயன்பட்டது. காஞ்சிபுரம் போன்ற ஊருக்கும் இது பொருந்தாதா?

கருவியோடு முடிவதில்லை

காக்ளியர் கருவி கண்ணாடி போன்றதல்ல, போட்டவுடன் தெளிவதற்கு. அது தரும் ஒலிக்குப் பொருள் என்ன என்பதைக் குழந்தை புதிதாகக் கற்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பின் வாரந்தோறும் பயிற்சி, வீட்டில் நாள்தோறும் பெற்றோரின் பேச்சு, இவையே அந்தக் கருவிக்கு உயிர் தருகின்றன. நெய்தால்தான் கூலி என்ற குடும்பத்தில், தாய் பயிற்சிக்காகப் பேருந்து ஏறும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி இழப்பு. பின்னர், வெளியே அணியும் பகுதிக்கு பேட்டரி, கம்பி, பழுது பார்த்தல் என்று செலவுகள் தொடர்கின்றன. கருவி பழுதாகிப் பெட்டியில் கிடந்தால், அறுவை செய்த பயன் பாதியில் நின்றுவிடும். அறுவை சிகிச்சைக்கு நிதி திரட்ட முன்வருபவர்கள், இந்தச் சிறு செலவுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எல்லாக் குழந்தைக்கும் அறுவை தேவையும் இல்லை. பலருக்குக் காதொலிக் கருவியே போதும். சென்னையில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பால வித்யாலயா, காது கேளாத கைக்குழந்தைகளைத் தாயோடு சேர்த்தே ஏற்று, காதொலிக் கருவியும் பேச்சும் கொண்டு அவர்களைச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்பி வருகிறது. அங்கும் முதல் பாடம், சீக்கிரம் வாருங்கள் என்பதுதான்.

கருவியால் பயன்பெற முடியாத குழந்தைகளும் உண்டு. அவர்களைத் தோல்வியாகப் பார்ப்பது தவறு. சைகை மொழி முழுமையான ஒரு மொழி. 2015ஆம் ஆண்டு இந்தியச் சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் புதுடெல்லியில் தொடங்கப்பட்டது. காஞ்சிபுரத்திலும் செவித்திறன் குறையுடைய பிள்ளைகளுக்கான அரசுப் பள்ளி இருக்கிறது. சைகையோ பேச்சோ, ஏதேனும் ஒரு மொழி முதல் ஆண்டுகளிலேயே குழந்தைக்குக் கிடைத்தாக வேண்டும். எந்த மொழியும் இல்லாமல் கழியும் ஆண்டுகளே உண்மையான இழப்பு.

பள்ளி செல்லும் பிள்ளைகளையும் மறக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதுகளிலும் 60 டெசிபல் அளவுக்கு இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறையுடையவராகக் கருதப்படுவார். 40 டெசிபல் இழப்பு உள்ள பிள்ளைக்குச் சான்றிதழ் கிடைக்காது. ஆனால், கடைசி வரிசையில் அமர்ந்தால் ஆசிரியரின் பாடமும் கிடைக்காது. அந்தப் பிள்ளைக்கு நாம் தரும் பெயர், 'கவனக் குறைவு'. அடிக்கடி சளி, காதில் சீழ் வடிதல் ஆகியவை இதற்கு முக்கியக் காரணம். சீழ் வடியும் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், கோழி இறகையும் கொண்டை ஊசியையும் விட்டுக் குடைவதும் நிலைமையை மோசமாக்கும்.

நம் பங்குகள் செய்யக்கூடியது

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் நடக்கும் திருமணங்களில் நான்கில் ஒன்றுக்கும் மேல் நெருங்கிய உறவுக்குள் நடப்பவை. காது கேட்கும் பெற்றோர் இருவரும், கனெக்சின் 26 என்ற புரதத்திற்கான மரபணுவில் ஒரே வகைக் குறையைத் தெரியாமல் சுமந்திருந்தால், அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் காது கேளாமை வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. உறவுக்குள் மணக்கும்போது இருவரும் ஒரே குறையைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது. மாமன் மகள், அத்தை மகன் திருமணத்திற்குத் திருச்சபைச் சட்டப்படி ஆயரின் விதிவிலக்கு தேவை என்பதை நாம் அறிவோம். அந்த விண்ணப்பத்தை வெறும் தாளாக எண்ணாமல், குடும்பத்தில் காது கேளாதோர் உண்டா என்று கேட்கவும், மரபியல் ஆலோசனைக்கு அனுப்பவும் பயன்படுத்தினால் என்ன? திருமணத் தயாரிப்பு வகுப்பில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கலாம். யாரையும் குற்றம் சாட்டுவதற்காக அல்ல, பிறக்கப் போகும் குழந்தையை முதல் மாதத்திலேயே பரிசோதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதற்காக.

திருமுழுக்குச் சடங்கில், குருவானவர் குழந்தையின் காதுகளையும் வாயையும் தொட்டு மன்றாடும் பகுதி ஒன்று உண்டு. பங்கின் குழந்தைகள் எல்லாரும் அந்த வேளையில் நம் முன் வருகின்றனர். திருமுழுக்குக்குப் பெயர் கொடுக்க வரும் பெற்றோரிடம், பிறந்த தேதியோடு, "காது பரிசோதனை செய்தாயிற்றா?" என்ற ஒரு கேள்வியையும் கேட்பதற்குச் செலவு ஏதும் இல்லை. 'இல்லை' என்று சொல்பவர்களுக்கு எங்குப் போக வேண்டும் என்று சொல்ல, பங்கில் ஒரு செவிலியரோ ஆசிரியரோ போதும். அன்பியக் கூட்டங்களில், குழந்தை நான்கு மாதத்தில் ஒலி வரும் பக்கம் திரும்புகிறதா, ஒரு வயதில் பெயர் சொன்னால் பார்க்கிறதா, இரண்டு வயதில் இரு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறதா என்ற மூன்று கேள்விகளைத் தாய்மார்களிடம் பரப்பலாம். நம் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் சேர்ந்து ஒரு பரிசோதனைக் கருவியை வாங்கி, எர்ணாகுளத்தில் செய்ததுபோல் ஊர் ஊராக எடுத்துச் செல்லலாம். பயிற்சிக்குச் செல்லும் தாயின் பேருந்துக் கட்டணத்தையும், இழக்கும் ஒரு நாள் கூலியையும் வின்சென்ட் தே பவுல் சபை போன்ற அமைப்புகள் ஏற்கலாம். இந்த உதவிகள் மதம் பார்த்துத் தரப்பட வேண்டியவை அல்ல. கோவில் நகரமான காஞ்சிபுரத்தில் நம் அண்டை வீட்டாரின் குழந்தையும் நம் குழந்தைதான்.

அன்பர்களே, தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளில் புதன்கிழமைதோறும் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. ஆறாவது வார ஊசிக்காகக் கைக்குழந்தையோடு செல்லவிருக்கும் ஒரு தாய் உங்கள் தெருவிலும் இருப்பார். ஊசி போட்டு முடிந்ததும், "என் குழந்தைக்குக் காது பரிசோதனை எங்கே செய்வார்கள்?" என்று செவிலியரிடம் கேட்டுவிட்டு வரும்படி அவரிடம் சொல்லுங்கள். கூடவே துணைக்கும் சென்று வாருங்கள். ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று யாரேனும் சொன்னால், இல்லை, ஆறு மாதம்தான் இருக்கிறது என்று பணிவோடு, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள்.